அதே வண்டி: புதுப்பித்தலும் பொருளின் ஒருமையும்

பழைய இயந்திரம் ஒன்றைப் பிரித்துத் தேய்ந்தவற்றை நீக்கி, புதியவற்றைப் பொருத்தி, அதை மீண்டும் ஓடச் செய்கிறவர் உண்மையில் எதை மீட்கிறார் என்பது பட்டறையோடு முடிந்துவிடும் கேள்வியன்று. மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் எந்த அளவில் அதே பொருளாக நீடிக்கிறது என்று பௌத்தரும் நையாயிகரும் சமணரும், அவர்களுக்கு வெகுதொலைவில் கிரேக்கரும் பல நூற்றாண்டுகள் வாதிட்டிருக்கின்றனர். அவ்வாறு நீடிக்கும் தன்மையை இக்கட்டுரை ஒருமை என்ற சொல்லால் குறிக்கிறது. பழைய டிராக்டர்களையும் மோட்டார் கார்களையும் புதுப்பிக்கும் பழக்கம் அண்மைக் காலத்தது என்றாலும், அந்தப் பழைய வாதத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தகுந்த களம் அரிது. ஏனெனில் இங்கே பாகங்களுக்கு எண் உண்டு, மாற்றங்களுக்கு விலை உண்டு, சில வேளைகளில் ‘இது அதுதானா’ என்று நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியும் நேர்ந்திருக்கிறது.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி உற்பத்தி செய்த ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரை எடுத்துக்கொண்டால் சிக்கலின் ஆழம் விளங்கும். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி ஃபெர்குசன் வகுத்த இந்த டிராக்டர், 5,17,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. சாம்பல் நிறம் பூசிய இதன் பின்புறத்தில், கலப்பையை மூன்று புள்ளிகளில் பிடித்து எண்ணெய் அழுத்தத்தால் தூக்கவும் இறக்கவும் செய்யும் ஹைட்ராலிக் இணைப்பு இருந்தது. மண்ணின் இறுக்கத்துக்கேற்பக் கலப்பையின் ஆழத்தைத் தானே சரிசெய்த அந்த அமைப்பின் வழிவந்ததே இன்றைய டிராக்டர்களில் பொதுவாகக் காணப்படும் இணைப்பு. எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்தது இந்த டிராக்டரில்தான். பனியில் ஓடுவதற்கு ஏற்பச் சங்கிலிப் பட்டைகள் மாட்டியதைத் தவிரப் பெரிய மாற்றம் அதில் செய்யப்படவில்லை.

தத்துவ நோக்கில் கருதத்தக்க இரண்டு கூறுகள் இதில் உள்ளன. முதலாவது, கார்களுக்கு இருப்பது போன்ற சேசிஸ், அதாவது எல்லாப் பாகங்களையும் தாங்கும் தனிச் சட்டம், இந்த டிராக்டருக்குக் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் அச்சுக்கூடு ஆகிய வார்ப்புகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைத்ததே அதன் முதுகெலும்பு. இரண்டாவது, இதில் பொருத்தப்பட்ட, ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த இன்ஜினில், பிஸ்டன் ஏறியிறங்கும் சிலிண்டரின் உட்சுவர் ‘லைனர்’ என்னும் தனிக்குழாயாக இறக்கப்பட்டு, குளிர்விக்கும் நீரை நேரடியாகத் தொட்டு நிற்கிறது. சுவர் தேய்ந்தால் கட்டையையே லேத்துக்கு அனுப்பிப் போர் போடாமல், பழைய லைனரை உருவிப் புதியதை இறக்கிவிடலாம். ஆக, இந்த இயந்திரம் பிறக்கும்போதே தன் உறுப்புகள் மாற்றப்படும் என்பதை ஏற்றுக்கொண்டு பிறந்தது. பாகம் மாறுவது அதன் இயல்புக்கு நேர்ந்த கேடாகாமல் இயல்பின் பகுதியாகவே அமைந்திருக்கிறது. லைனர், பிஸ்டன், ரிங், மட்கார்டு, வயரிங், டயர், ஸ்டியரிங் சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாறிவந்த ஒரு டிஇ20, கோவென்ட்ரியிலிருந்து வெளிவந்த அதே டிராக்டர்தானா என்று கேட்டால், சேசிஸைச் சுட்டிக்காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. அதன் வரிசை எண் ஒரு சிறு தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறொரு டிராக்டரில் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகாது.

இக்கேள்வியை வண்டியை முன்வைத்தே எழுப்பிய நூல் மிலிந்தபஞ்ஹம் எனப்படும் பாலி மொழி நூல். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சாகல நகரிலிருந்து ஆண்ட மெனாண்டர் என்ற கிரேக்க அரசனே அதில் மிலிந்தனாக வருகிறான். தேரில் வந்ததாகச் சொன்ன அரசனிடம், ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று நாகசேனர் என்ற பௌத்தத் துறவி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவுமே தேர் அல்ல, எல்லாம் சேர்ந்த குவியலும் தேர் அல்ல, இவற்றை விட்டு விலகி வேறொரு தேரும் இல்லை என்ற நிலைக்கு அரசனைக் கொண்டுவந்து, தேர் என்பது உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயர் மட்டுமே என்று நிறுவுகிறார். அவருடைய உண்மையான இலக்கு தேர் அன்று. மனிதனிடம் நிலைத்த ஆன்மா என ஒன்று இல்லை என்பதை உணர்த்தவே தேர் எடுத்துக்காட்டாயிற்று. ஆனால் இயந்திரத்தைப் புதுப்பிக்கிறவருக்கு எடுத்துக்காட்டே இலக்காகிவிடுகிறது. நாகசேனர் சொல்வது முழுவதும் சரியென்றால், வரிசை எண் தகட்டை வேறொன்றில் மாட்டுகிறவரைப் பொய்யர் என்று சொல்ல இடமில்லாமல் போகும்; பெயர் எங்கே சென்றதோ அங்கே வண்டியும் சென்றது என்று அவர் வாதிடலாம். பழைய வாகனச் சந்தையில் மோசடி என்ற ஒன்று இருக்கிறது என்பதே, ஒருமை வெறும் பெயரைவிட உறுதியான எதிலோ தங்கியிருக்கிறது என்பதற்குச் சான்று.

நையாயிகர் உள்ளிட்ட நியாய வைசேடிக மரபினர் இதற்கு நேர் எதிரான நிலையை எடுத்தனர். உறுப்புகளை அவர்கள் அவயவம் என்றனர். உறுப்புகளால் ஆன முழுப்பொருளை அவயவி என்றனர். அவயவி தன் உறுப்புகளினின்றும் வேறான, உண்மையாக உள்ள ஒரு பொருள், அது சமவாயம் என்னும் பிரியாத உறவால் உறுப்புகளில் உறைகிறது என்பது அவர்கள் கொள்கை. புதுப்பிக்கிறவருக்கு இது ஆறுதலாகத் தோன்றும். டிராக்டர் என ஒன்று உண்டு, அது இரும்புக் குவியல் அன்று. எனினும் இந்தக் கொள்கைக்கு அவர்களே வகுத்துக்கொண்ட கடுமையான விளைவு ஒன்று உண்டு: ஓர் உறுப்பு நீங்கினால் பழைய அவயவி அழிகிறது, வேறோர் உறுப்பு சேர்ந்தால் புதிய அவயவி பிறக்கிறது. அப்படியானால் லைனர் மாற்றிய மறுகணம் நிற்பது வேறொரு டிராக்டர் என்றாகிறது. அதை அதே டிராக்டர் என்று உணர்வது, இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடரை ஒரே சுடர் என்று கருதுவது போன்ற ஒப்புமையால் வரும் மயக்கமாகிவிடும். பெயர்தான் எல்லாம் என்பவரும் முழுப்பொருள் தனியாக உண்டு என்பவரும் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டு, பழுது பார்த்த வண்டியை அதே வண்டி என்று கூற முடியாத ஓரிடத்துக்கே வந்துசேர்வது வியப்புக்குரியது.

இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் 1990இல் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் பந்தயக் கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. ஒவ்வொரு பருவத்துக்கும் அதன் பாகங்கள் மாற்றப்பட்டன. 1932இல் எட்டு லிட்டர் இன்ஜின் பொருத்தி ஓட்டியபோது புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தளத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர், லெ மானில் அதை ஓட்டி வென்றவர்களில் ஒருவரான உல்ஃப் பர்னாட்டோ அதைச் சாலையில் ஓட்டும் மூடிய காராகக் கட்டுவித்தார். பல பத்தாண்டுகளுக்குப் பின் அது மீண்டும் திறந்த பந்தயக் காராகப் புதுப்பிக்கப்பட்டு, ஒரு கோடி பவுண்டு விலை பேசப்பட்டபோது, வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பின்வாங்கியது. 1929இல் லெ மானில் ஓடிய காரின் பாகம் எதுவும் இதில் உறுதியாக அடையாளம் காணும்படி இல்லை, ஆகவே பேசப்பட்ட பொருளே இது அன்று என்பது அதன் வாதம்.

வழக்கைக் கேட்ட நீதிபதி ஆட்டன், காரின் தொடக்க காலப் பாகங்களில் எஞ்சியவை மிகச் சில என்பதை மறுக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே உள்ள கார் என்று இதைச் சொல்ல இயலாது என்றும் ஏற்றுக்கொண்டார். ஆயினும் இதுவே உண்மையான ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று தீர்ப்பளித்தார். அவர் காட்டிய காரணங்கள், சட்டத்தை மட்டும் நோக்கி எழுதப்பட்டவை ஆயினும், தருக்க நூலில் இடம்பெறத் தக்கவை. புதிய பாகங்கள் சிறிது சிறிதாக, நெடிய காலத்தில், ஓடிக்கொண்டிருந்த ஒரு முழுமைக்குள் வந்து கலந்தன; எந்தக் கட்டத்திலும் கார் தன் அடையாளத்தை இழக்கும் அளவுக்கு ஒரே வீச்சில் எல்லாம் மாறவில்லை; மேலும், அந்தப் பெயருக்கு நியாயமாக உரிமை கோரக்கூடிய வேறு கார் எதுவும் உலகில் இல்லை.

இறுதியாகச் சொல்லப்பட்ட காரணம் ஐரோப்பியச் சிந்தனையில் பழைய வேருடையது. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாக மாற்றிப் பாதுகாத்தனர் என்றும், அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் வாதிட்டனர் என்றும் புளூடார்க் எழுதியிருக்கிறார். 1655இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் அதில் மற்றொரு முடிச்சைப் போட்டார்: கழித்த பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? பழைய வாகன உலகில் இது கற்பனை அன்று. விபத்தில் சிதைந்த பந்தயக் காரின் சேசிஸ் ஒருவரிடமும் இன்ஜின் மற்றொருவரிடமும் சென்று, இருவருமே எஞ்சியதைப் புதிதாகச் செய்து, ஒரே எண்ணுக்கு இரு கார்கள் உரிமை கோருவது நிகழ்வதுண்டு. நீதிபதியின் முடிவு இவ்விடத்தில் ஏற்கத்தக்கதே. ஆனால் போட்டியாளர் இல்லாமையை ஒருமைக்குரிய அடிப்படையாகக் கொள்வது போதாது. போட்டியாளர் நாளை தோன்றினால், நேற்றுவரை உண்மையாக இருந்தது இன்று பொய்யாகிவிடுமா என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

விடையைத் தேடும்போது மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள ஒரு வேறுபாடு உதவுகிறது. மனித உடலும் ஓயாமல் மாறுகிறது. ஆனால் இளமையில் இருந்ததும் முதுமையில் இருப்பதும் நானே என்று உணரும் ஒருவன் அங்கே இருக்கிறான் என்று ஆன்மவாதிகள் காட்டுவர். சைவ சித்தாந்தம் பொருள்களை அறிவுடைய சித்து என்றும் அறிவற்ற சடம் என்றும் பகுக்கும், இயந்திரம் சடம். தென் துருவம் சென்றதை டிராக்டர் அறியாது, வென்றதைக் கார் நினைவுகூராது. தன் ஒருமைக்குத் தானே சாட்சி சொல்ல முடியாத பொருளுக்குப் பிறர்தாம் சாட்சி சொல்ல வேண்டும். நையாயிகர் அறிவுக்குரிய வழிகளில் ஒன்றாகச் சப்தம் என்பதைக் கொண்டனர். அது ஆப்தன் ஒருவனின் சொல்லால் பெறும் அறிவு. ஆப்தன் என்பவன் பொருளை உள்ளபடி அறிந்து, அறிந்தபடி சொல்கிறவன். பழைய இயந்திரத்தின் ஒருமை பெரும்பகுதி இவ்வகை அறிவினாலேயே கிடைக்கிறது. எந்தப் பாகம் எப்போது மாறியது, எது தொடக்கம் முதல் உள்ளது, எது பார்த்துச் செய்த போலி என்பதைப் புதுப்பித்தவர் சொல்லாவிட்டால் பிறர் அறிய வழியில்லை. ஆகவே பட்டறையில் வேலை செய்கிறவர் இரும்பைத் திருத்துவதோடு ஒரு சாட்சியத்தையும் உருவாக்குகிறார். ஒருமை அறுபடாமல் நிற்பது அந்தச் சாட்சியம் மெய்யாக நிற்கும் வரைதான். பாகங்கள் பலவும் மாறிய டிராக்டர், மாறியது மறைக்கப்படாதவரை அதே டிராக்டராக இருக்கலாம். ஒரே ஒரு தகட்டை ஏமாற்றும் நோக்கில் மாற்றினால் அந்த உரிமை அறுந்துவிடுகிறது.

கோயில் திருப்பணி மரபு இக்கருத்துக்கு ஓர் ஒப்புமையைத் தருகிறது. சிதைந்த கோயிலைச் செப்பனிடுவதை ஆகமங்கள் சீர்ணோத்தாரணம் என்கின்றன. வேலை தொடங்குமுன் மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் என்றும் இளங்கோயில் என்றும் வழங்கும் சிறிய இடத்தில் வைத்து வழிபடுவர். திருப்பணி முடிந்ததும் குடமுழுக்கில் அதைத் திரும்பவும் மூல மூர்த்தத்தில் சேர்ப்பர். கல்லும் சுதையும் மாறினாலும் கோயில் அதே கோயிலாக இருப்பதற்குக் காரணம், வழிபாடு ஒரு நாளும் அறுபடாமல் கைமாற்றப்பட்டதுதான். பூரி ஜகந்நாதர் கோயிலில், கடைசியாக 2015இல் நடந்த நவகளேபரச் சடங்கில், மரத் திருமேனிகளே முற்றிலும் மாற்றப்பட்டுப் பிரம்ம பதார்த்தம் எனப்படும் உட்பொருள் மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு இடம்பெயர்கிறது. இயந்திரத்தில் அப்படி இடம்பெயர்க்க உட்பொருள் ஏதுமில்லை. ஆயுத பூசை நாளில் டிராக்டருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகிறவர்களும், அதற்கு உயிர் இருப்பதாகக் கருதுவதில்லை. அதன் வழியாக வரும் வாழ்வுக்கு நன்றி கூறுகிறார்கள். எனினும் தொடர்ச்சியைக் கைமாற்றும் பொறுப்பு இரண்டு இடத்திலும் ஒன்றே.

இதிலிருந்து, எவ்வளவு புதுப்பிக்கலாம் என்ற கேள்வி பிறக்கிறது. ஆங்கிலக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1849இல், கட்டடங்களைப் புதுப்பித்தல் என்பதே ஒரு பொய், இறந்ததை எழுப்ப முடியாததைப் போலப் பழைய கைகள் செய்ததை மீண்டும் செய்ய முடியாது என்று வாதிட்டார். கட்டடங்களுக்காக 1964இல் வெனிசில் இயற்றப்பட்ட சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்ற வரம்பை விதித்தது. பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா பின்னர் ஏற்ற டூரின் சாசனமும் இந்த வழியில், இருப்பதை இருந்தபடி பேணுவதற்கு முதலிடம் தந்து, புதுப்பித்தலைத் தேவைக்கு மட்டும் ஒதுக்குகிறது. இந்த வரம்பு கார்களை விட டிராக்டர்களுக்கு அதிகமாகத் தேவைப்படுகிறது. வயலில் உழைத்த டிஇ20 ஒன்றின் இருக்கையிலுள்ள பள்ளம், பெடலில் ஒரு பக்கமாகத் தேய்ந்த விளிம்பு, மட்கார்டில் யாரோ ஓர் உழவர் வைத்த வெல்டிங் ஒட்டு ஆகியவை அந்த டிராக்டர் யாருக்கும் எடுத்துச் சொல்லாத வரலாற்றின் எழுத்துகள். அவற்றை மணல் வீச்சால் சுரண்டி, தொழிற்சாலையிலும் இல்லாத பளபளப்பில் பெயின்ட் அடிப்பது, அழகாக இருந்தாலும், சாட்சியை வாய்மூடச் செய்வதாகும். இதைவிடக் கொடியது, புதிய தகட்டில் உப்புநீர் தெளித்தும் உப்புத்தாளால் தேய்த்தும் பழமையைப் பொய்யாக வரவழைப்பது. அங்கே சாட்சி பொய்ச்சாட்சியாகவே மாறிவிடுகிறது.

ஆயினும் பேணுவோர் கட்சியை முழுவதும் ஏற்பதிலும் இடர் உண்டு. சமண ஆசிரியர் சமந்தபத்திரர் ஆப்த மீமாம்சை என்ற நூலில் காட்டும் எடுத்துக்காட்டு இங்கே துணைபுரிகிறது: பொற்குடத்தை உருக்கி முடி செய்யும்போது குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவன் எந்த மாறுதலும் காண்பதில்லை. தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒரே நிகழ்வில் ஒருங்கே உள்ளன என்பது இதன் கருத்து. மூவருமே உள்ளதைத்தான் காண்கின்றனர். டிராக்டரை மீண்டும் உழவுக்கு அனுப்ப விரும்புகிறவர் லைனர் மாற்றுவதில் இழப்பைக் காணமாட்டார். அதன் தேய்மானத்தில் ஒரு குடும்பத்தின் உழைப்பைக் காண்கிறவர் வருந்துவார். எந்த இயந்திரமும் ஓடுவதற்காகவே செய்யப்பட்டது என்பதால், ஓட்டத்தை மீட்கும் மாற்றத்துக்கு முன்னுரிமை தருவதும், தோற்றத்துக்காக மட்டும் செய்யும் மாற்றத்தைத் தவிர்ப்பதும் தகும்.

நினைவின் பங்கும் ஆராயத்தக்கது. ஃபெர்குசன் டிராக்டரைச் செய்த அதே ஸ்டாண்டர்ட் கம்பெனியின் பெயரைத் தாங்கி, சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. ஃபெர்குசனின் வழிவந்த மாசி ஃபெர்குசன் டிராக்டர்களைச் சென்னையின் டாஃபே நிறுவனம், 1960இல் தொடங்கப்பட்டு, தமிழக வயல்களுக்குக் கொண்டுவந்தது. ஹெரால்டையும், 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடரையும் காணும் முதியவர்கள், ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர், ரெக்சின் இருக்கையின் மணம், திருமணத்துக்கு வாடகைக்கு எடுத்த பயணம் என்று பேசத் தொடங்குவது வழக்கம். நையாயிகர் நினைவை மெய்யறிவாகக் கொள்ளவில்லை. முன்பு அறிந்ததன் பதிவிலிருந்து எழுவதால் அது புதிதாக எதையும் அறிவிப்பதில்லை என்றனர். ஆனால் ‘அதுவே இது’ என்று கண்முன் உள்ளதைப் பழையதோடு இணைத்து அறியும் பிரத்யபிஞ்ஞையை, அதாவது மீளறிதலை, காட்சியின் ஒரு வகையாக ஏற்றனர். புதுப்பித்த காரின் மதிப்பு இதில் இருக்கிறது: வெறும் நினைவாக இருந்ததை அது மீளறிதலாக மாற்றுகிறது. அந்த முதியவருடைய இளமையையோ, உடன் பயணம் செய்தவர்களையோ அதனால் திரும்பத் தர முடியாது. காரை மீட்டதால் காலமே மீண்டுவிட்டதாகக் கருதுவதே பற்று என்று பௌத்தம் எச்சரிக்கும் நிலை. நாகசேனரின் வாதம் இவ்விடத்தில்தான் தன் முழு வலிமையைப் பெறுகிறது. பொருள் நிலையற்றது என்று அறிந்துகொண்டே அதைப் பழுது பார்க்கிறவர், தமக்குப் பின்னும் அது தேயும், தம் லைனரும் ஒருநாள் உருவப்படும் என்று அறிந்தே செய்கிறார். அத்தகைய உழைப்பில் பற்றைவிடப் பொறுப்பே மிகுதி.

இன்று இக்கேள்வி புதிய வடிவம் எடுத்திருக்கிறது. பழைய கார்களின் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு மின்மோட்டாரும் பேட்டரியும் பொருத்தும் வழக்கம் பரவிவருகிறது. இந்தியாவில் 2021இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய, சேசிஸ், கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கின்றன. ஃபிவாவும் மின்வண்டியாக மாற்றப்பட்டவை தன் வரையறைக்குள் அடங்கா என்று கூறியிருக்கிறது. எனினும் மாற்ற விரும்புவோர் பழைய நிலைக்குத் திருப்பும்படியாக மாற்றி, கழற்றிய பாகங்களுக்குக் குறியிட்டுப் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. இந்தப் பரிந்துரை, சாட்சியத்தை அழிக்காமல் வைத்தால் மாற்றமும் பொறுத்துக்கொள்ளத் தக்கது என்ற எண்ணத்தில் பிறந்ததால், தடையைவிட நுட்பமானது. ஆனால் ஒரு கொட்டகையில் குறியிட்டுக் கிடக்கும் இன்ஜினும், சாலையில் ஓசையின்றி ஓடும் கூடும் இரண்டு தலைமுறைக்குப் பின் இரு வேறு கைகளுக்குப் போய்விட்டால், ஹாப்ஸ் எழுப்பிய கேள்வி அந்த இருவர் முன்னும் நிற்கும்; அப்போது அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல உதவக்கூடியது, கழற்றிய நாளில் யாரோ நேர்மையாக எழுதிவைத்த பாகங்களின் பட்டியல் ஒன்றே.